கிணற்றுக்குள் காபனீரொட்சைட்டு விடாதீர்கள்

கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "கிணற்றுக்குள் காபனீரொட்சைட்டு சிலிண்டரைத் திறந்துவிட்டால் எண்ணெய்க் கழிவு முழுதும் பிரிந்துவிடும். வெளிநாட்டு ஆய்வுகூடங்களின் சூப்பர்கிரிட்டிக்கல் முறை இதுதான்."

தவறு. ஆபத்தும்கூட.

அந்த முறை உண்மையில் உண்டு. ஆனால் அது தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கல்ல. மண்ணில் எவ்வளவு மாசு இருக்கிறதென்று அளப்பதற்கு. சில கிராம் மண்ணை ஈரம் போக்கி, தடித்த உருக்குக் குழாய்க்குள் அடைப்பார்கள். காபனீரொட்சைட்டு 31 பாகை செல்சியசையும் ஏறத்தாழ 74 பார் அமுக்கத்தையும் (சாதாரணக் காற்றமுக்கத்தைப்போல் எழுபது மடங்குக்கு மேல்) தாண்டினால், வாயுவைப்போல் துளைகளுக்குள் புகுந்து திரவத்தைப்போல் எண்ணெயைக் கரைக்கும். இந்த நிலைக்குத்தான் சூப்பர்கிரிட்டிக்கல் என்று பெயர். வெளியே வந்து அமுக்கம் குறைந்ததும் வாயு பறந்துவிடும். மாசு மட்டும் மிஞ்சும். அதைத்தான் அளக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 3560, 3561, 3562 ஆம் முறைகளில் இது விரிவாக உண்டு. எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

பத்து மீற்றர் தண்ணீர் தருவது ஒரு பார் அமுக்கம்தான். 74 பாருக்கு எழுநூறு மீற்றருக்கு மேல் ஆழம் வேண்டும். எங்கள் கிணறு எங்கே, அது எங்கே!

இன்னொன்று. காபனீரொட்சைட்டு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கிணற்றுக்குள் அப்படியே தேங்கும், கண்ணுக்கும் தெரியாது. வாளி எடுக்க இறங்குபவர் சில மூச்சிலேயே மயங்கி விழலாம். தூக்கப் போகிறவரும் தப்பமாட்டார்.

தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள். தண்ணீரில் எண்ணெய் மணம் வந்தால் குடிப்பதை நிறுத்தி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.