மாட்டைக் கொன்னது வைக்கோலா?

யூரியா தெளிச்சுப் பதப்படுத்துற வைக்கோலைத் தின்னு ஒரு மாடு செத்துப்போச்சுன்னு பேசுறாங்களே, அந்த விஷயம்தான். மூணு நாளா குரூப்புல பார்க்கிறேன். "யூரியா வைக்கோல் விஷம்", "பயிரும் மாடும் சேர்த்து வளர்க்கிற கலப்புப் பண்ணையம்னு ஏமாத்துறாங்க". கூடவே சிரிப்புப் பொம்மை வேற. ஒரு குடும்பத்தோட உழவு மாடு போயிருக்கு, உங்களுக்குச் சிரிப்பு.

வைக்கோல் கொல்லலை, அவசரம் கொன்னுச்சு. 100 கிலோ காஞ்ச வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணி. ஒரு பரல்கூட அடியில தங்காம கரைக்கணும். அடுக்கடுக்காப் பரப்பி, தெளிச்சு, மிதிச்சு, காத்துப் புகாம தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்கணும். அதுக்குள்ள யூரியா அம்மோனியாவா மாறி வைக்கோலோட நாரை இளக்கிடும். பிரிச்ச பிறகும் நெடி போக உலர்த்தித்தான் போடணும், அதுவும் முதல்ல கொஞ்சமா.

அந்த மாடு செத்த வீட்டுல ஆறாம் நாளே பிரிச்சுட்டாங்க. யூரியா முழுசா மாறாமலே கிடந்திருக்கலாம். அதைவிடக் கொடுமை, கரைச்ச மிச்சத்தை வாளியோட கொட்டில்லயே வச்சது. தாகத்துல மாடு வேற என்ன செய்யும்? வாயில நுரை, நடுக்கம், வயிறு உப்பல். சயா, அதான் மாட்டு டாக்டர், வர்றதுக்குள்ள வினிகரைக் குளிர்ந்த தண்ணியில கலந்து புகட்டியிருந்தா ஒருவேளை பிழைச்சிருக்கும்.

"யூரியா விக்கிற விலையில இது தேவையா?"ன்னு கேட்கிறவங்க நியாயமாத்தான் கேட்கிறாங்க. வேண்டாம், விடுங்க. இங்க பர்மாவுல பெகு பக்கம் நெல் அறுத்த ஈரத்துலயே உளுந்து விதைக்கிறோமே, அந்தக் கொடியும், உளுந்து அடிச்சா மிஞ்சுற பொட்டும் எங்க போகுது? வைக்கோலோட கால்வாசி கலந்தாலே மாடு தேறும். பூசணம் பிடிச்சதைப் போடாதீங்க. பச்சைக் கொடியில பசியோட மாட்டை அவுத்து விட்டா வயிறு உப்பிக்கும். அப்புறம் உளுந்தும் விஷம்னு எழுதுவீங்க.

"மெசின்ல அறுத்தா வைக்கோல் சேர்க்க முடியலையே"ன்னா, ஆமா, கஷ்டம்தான். சிதறிப் போகும், சக்கரத்துல நசுங்கும். அதுக்காக நெருப்பு வைக்கணுமா? வைக்கோலை எரிச்சுட்டு, மாட்டையும் வித்துட்டு, திஞ்சானுக்கு (ஏப்ரல் தண்ணித் திருவிழாவுக்கு) முன்னாடி எருவுக்கு மட்டும் எங்க வாசல்ல வந்து நிப்பீங்க. அதையாவது பக்குவமாப் போடுறீங்களா? வைக்கோல் மக்காத பச்சைச் சாணியைக் கொட்டினா மக்குற வைக்கோலே தழைச்சத்தை இழுத்துக்கும், பயிர் மஞ்சளாகும். குழியில மூணு மாசமாவது கிடக்கணும்.

ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற கன்னுக்கு யூரியா வைக்கோல் கூடவே கூடாதுன்னு போன மழைக்கே எழுதினேன். அதை ஒருத்தரும் ஷேர் பண்ணலை.