மேட்டூர் நீர்மட்டம் எல்லாருக்கும் தெரியும், எங்கள் ஆற்று நீர்மட்டம் யாருக்குத் தெரியும்?

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், எங்கள் ஆற்று நீர்மட்டத்தை அளந்து சொல்லுங்கள் என்று, தானே அளந்து எழுதிய நோட்டோடு வந்து கேட்டார் ஒரு பெரியவர். அந்த வீடியோவை நேற்றே நிறைய பேர் பகிர்ந்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. "நோட்டுல எழுதிட்டு வந்தா அது டேட்டா ஆயிடுமா பெரியவரே, மேட்டூர்ல தண்ணி திறப்பே குறைச்சாச்சு, அப்புறம் எங்கேருந்து வெள்ளம் வரும்" என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் விவசாயிகளும் இருந்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பெரியவர் எனக்குப் பெரியப்பா முறை. அதற்காக இதை எழுதவில்லை. அவர் கேட்டது நியாயம், அதற்காக எழுதுகிறேன்.

மேட்டூர் திறந்தால்தான் டெல்டாவில் வெள்ளம் என்று யார் சொன்னது? மேட்டூரில் 120 அடிக்கு எவ்வளவு நிற்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தினமும் பேப்பரில் வருகிறது, டீக்கடையில் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். அங்கே திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் பிடிக்கும். உபரி என்றால் கல்லணைக்கு மேலே இருக்கிற முக்கொம்பு அணையிலேயே, வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். அதில் முழுகுவது நாதல்படுகை, முதலைமேடு திட்டு மாதிரி கொள்ளிடக் கரை ஊர்கள். அவர்கள் படுகிற பாடு சாதாரணமானதல்ல, ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே தண்டோரா போடவாவது நேரம் இருக்கிறது.

கடலோரக் கடைமடையில் இருக்கிற எங்களுக்கு அந்த நேரம் கிடையாது. எங்களை முழுகடிப்பது ஐப்பசி கார்த்திகை மழை. 2022 நவம்பர் 11 ராத்திரி சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியதே, அது மேட்டூரிலிருந்தா வந்தது? மழை வலுத்தால் கல்லணையில் காவிரி, வெண்ணாறு இரண்டையும் குறைத்துவிட்டுத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவது வழக்கம்தான். அப்போதும் இங்கே ஆறு கரை தட்டி ஓடும், ஏனென்றால் அது எங்கள் வயலில் பெய்த மழை. மேலே பாசன ஆறாக இருப்பதுதான் கீழே வர வர வடிகாலாகிறது. அரிச்சந்திரா நதியானாலும் அடப்பாறானாலும் கடைசியில் வேதாரண்யம் கால்வாய்ப் பக்கம் வந்துதான் கடலுக்கு வழி தேட வேண்டும். தரையோ தட்டையாகக் கிடக்கிறது. அமாவாசை பௌர்ணமியில் கடல் ஏறும்போது கிழக்கேயிருந்து வீசும் கொண்டல் காற்றும் சேர்ந்தால் கடல் தண்ணீரை வாங்காது. அந்த நேரத்தில் கடைமடை ஷட்டரை இறக்கி வைக்காவிட்டால் உப்புத்தண்ணி உள்ளே ஏறும், கடல் இறங்கியதும் தூக்காவிட்டால் உள்ளே இருப்பது வடியாது. ஆக ஷட்டருக்கு இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால்தான் எப்போது தூக்குவது என்று முடிவு செய்ய முடியும். இதைத்தான் பெரியப்பா கேட்டார். ஒவ்வொரு மதகுத் தூணிலும் அளவு எழுதுங்கள், மழைக்காலத்தில் காலையும் மாலையும் பார்த்து மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு, உரச்சாக்கின் உள்பையை வெட்டி உறை போட்டிருப்பார். தேதி, நேரம், அப்புறம் படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்ற கணக்கு. மழை பெய்த நாளுக்குக் கீழே கோடு, அமாவாசை பௌர்ணமிக்கு ஓரத்தில் வட்டம். ஏழு படி தெரிந்த ஆறு விடிவதற்குள் இரண்டு படியாகிவிட்ட நாளெல்லாம் அதில் இருக்கிறது. இதற்கு மேல் டேட்டா என்றால் என்னவென்று சிரித்தவர்கள் சொல்லட்டும்.

பின்னூட்டத்தில் என்ன வரும் என்றும் தெரியும். முதலில் வெங்காயத்தாமரையை எடு, தூர்வாரு, அளந்து என்ன கிழிக்கப் போகிறாய் என்பீர்கள். தூர்வார வேண்டாம் என்று யாராவது சொன்னோமா? வருஷா வருஷம் சித்திரை வைகாசியில் ஜேசிபி இறங்குகிறது, மதகில் வெங்காயத்தாமரை அடைக்காத வருஷமும் இல்லை. மதகுக்கு மேலே தண்ணீர் எகிறி, கீழே இறங்கியே கிடந்தால் நடுவில் அடைப்பு என்று அளவைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். வயல் முழுகின பிறகு வந்து போட்டோ எடுப்பதைவிட அது மேல் இல்லையா? சென்சார் வரப்போகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வரட்டும், சந்தோஷம். வருகிற வரைக்கும் ஒரு டப்பா பெயின்டுக்கு என்ன கேடு?

மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். அது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஒருத்தரே பல மதகுக்கு அலைகிறார், ராத்திரி மழையில் டார்ச்சும் கையுமாக ஓடுகிற அவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன். ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தீபாவளி கழிந்து தாளடி, அதாவது குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போக நெல், நட்டோம். நாற்று பச்சை பிடிக்கவில்லை, அதற்குள் மழை. நடுராத்திரியில் மேல் ஊரில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள், அவர்கள் வயலைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. விடிந்து பார்த்தால் வரப்பே தெரியவில்லை, நாற்று மிதக்கிறது. அம்மா கரையில் நின்றுகொண்டு யாரையும் திட்டவில்லை, நடவு ஆட்களுக்குக் கூலி பாக்கி இருக்கே என்று மட்டும் சொன்னார். அப்புறம் மேல் ஊருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது, இதனால் பேச்சு நின்றுபோன ஒரு கல்யாணமும் உண்டு. ஒரு போன் வந்திருந்தால் நாங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற கன்னி வாய்க்கால் மடையையாவது அடைத்திருப்போம்.

அதோடு போச்சா? கணக்கெடுக்க வந்தவர் தண்ணீர் வடிந்த பிறகு வந்தார். 33 சதவீதத்துக்குக் குறைவான சேதம் என்றால் நிவாரணம் இல்லை. எத்தனை நாள் தண்ணீர் நின்றது, ஆதாரம் இருக்கா என்று கேட்டார். நாங்கள் எதைக் காட்டுவது? அன்று ஆதாரம் இல்லை என்று வாயை அடைத்தார்கள். இன்று ஒரு மனுஷன் அந்த ஆதாரத்தைக் கையில் கொண்டுவந்தால் சிரிக்கிறார்கள். இந்தக் கோபம் உங்களுக்கு அதிகமாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அவர் அரசாங்கத்திடம் பணம் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை, தூணில் கோடு போடுங்கள் என்று கேட்டார்.

கார்த்திகை பிறக்க அதிக நாள் இல்லை. உங்கள் ஊர் மதகு எந்த ஆற்றில் இருக்கிறது, தூணில் அளவு எழுதியிருக்கிறதா, இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லை பாசி மூடிவிட்டதா, ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். போட்டோ இருந்தால் போடுங்கள். மொத்தமாகத் தொகுத்து மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.