பக்கைப் பாக்காதை, அந்தப் பெடியனைப் பார்

போன சனிக்கிழமை விடியக்காலமை ஏழரைக்கு ரொறொன்ரோ ஸ்காபறோவில ஒரு ஐஸ் ஹொக்கி அரீனாவுக்குள்ள விறைச்சுப்போய் இருந்தன். என்ர பிள்ளை விளையாடேல்ல, அவன் ஹொக்கியை விட்டு ஆறு வருசமாச்சு. என்னோட வேலை செய்யிற ஒருத்தர் பகுதி நேரமா ஒரு ஜூனியர் ரீமுக்கு ஸ்கவுட் வேலை, எண்டா திறமான பெடியளைத் தேடிப் பிடிக்கிற வேலை, பாக்கிறவர், மனுசன் வெள்ளை, ஆனா என்ர சாப்பாட்டுப் பெட்டியில பாதி அவருக்குத்தான் போகும். வா ஒரு டிஃபென்ஸ்காரனைக் காட்டுறன், பதினைஞ்சு வயசு, ஒருத்தரும் கண்டுகொள்ளாத பெடியன் எண்டு இழுத்துக்கொண்டு போட்டார்.

நான் வழக்கம்போல கண்ணாடிக்குப் பக்கத்தில போய் நிண்டன். அவர் கோப்பியையும் தூக்கிக்கொண்டு மேல, கடைசி வரிசை மூலையில போய்க் குந்தீட்டார். அங்க இருந்தாத்தான் முழு ஐஸும் தெரியுமாம். பத்து நிமிசமா நான் அந்த ஆறாம் நம்பர் பெடியனிட்ட ஒண்டையும் காணேல்ல. கோலும் இல்லை, கோலுக்குப் பாஸ் குடுத்த அசிஸ்டும் இல்லை, ஒரு நல்ல இடி கூட இல்லை. மேல ஏறிப்போய்க் கேட்டதுக்கு மனுசன் சிரிச்சுப்போட்டு, நீ பக்கை (அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை) பாக்கிறாய், பக்கைப் பாக்காதை, ஒரு ஷிஃப்ட் முழுக்க, ஐஸில இறங்கித் திரும்ப பெஞ்சுக்குப் போகுமட்டும், அவனை மட்டும் பார் எண்டார். செய்து பாருங்கோ, லேசில்லை, கண் தன்ர பாட்டில பக்குக்குப் பின்னால ஓடும். நாங்கள் ரிவியில பாத்துப் பழகின ஆக்கள், கமெரா பக்கோடதானே போகும், டிஃபென்ஸ்காரன்ர வேலையில முக்கால்வாசி அந்தப் படத்துக்கு வெளியிலதான் நடக்குது. ஸ்கவுட் வேலைக்கு வீடியோ மட்டும் காணாது எண்டு இவர் ஏன் குளிருக்குள்ள வந்து கிடக்கிறார் எண்டது அண்டைக்குத்தான் விளங்கினது.

இரண்டாவது பீரியட் முடியப்போற நேரம். எங்கட பெடியன்ர சோடி டிஃபென்ஸ்காரன் எதிர்ப்பக்கத்து எல்லைக்கோடான ப்ளூ லைனில பக்கை விட்டிட்டான், ரெண்டு பேர் வாறாங்கள், இவன் தனிய. அம்மாமார் எல்லாம் "ஹிட் ஹிம்" எண்டு கத்துகினம். இவன் ஒருத்தரையும் இடிக்கேல்ல, விழுந்து சறுக்கவும் இல்லை. பின்னுக்குப் பின்னுக்கு ஸ்கேட் பண்ணிக்கொண்டே ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு, ஸ்ரிக்கை ஐஸில தட்டையா வைச்சு பாஸ் போற வழியை மட்டும் மூடினான். பக் வைச்சிருந்தவனுக்கு வேற வழியில்லை, ஓரத்தில தள்ளிப்போய் ஒரு நொண்டி ஷொட் அடிச்சான், கோலி நெஞ்சில வாங்கிப் பிடிச்சுப்போட்டான். ஒருத்தரும் கை தட்டேல்ல. தட்டினாலும் கோலிக்குத்தான் தட்டியிருப்பினம்.

மனுசன்ர கொப்பியை எட்டிப் பாத்தன். சின்னச் சின்னக் கோடுகள். என்னண்டு கேட்டா, பின்மூலைக்கு பக் எடுக்கப் போகேக்க பெடியன் எத்தினை தரம் தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கிறான் எண்டு எண்ணுறாராம்! திரும்பிப் பாக்கிறவனுக்கு எந்தப் பக்கத்தால ஆள் வருது எண்டு பக்கைத் தொட முதலே தெரியும். பாக்காதவன் சுவரோட நசிபடுவான், இல்லாட்டி பயத்தில கண்ணை மூடிக்கொண்டு பக்கை எங்கயாவது அடிச்சு விடுவான். அதே ரீமில இன்னொரு பெரிய பெடியன், இருபத்திரண்டாம் நம்பர், ஆளாளுக்கு இடிச்சுக் கொண்டிருந்தான், சனமெல்லாம் அவனுக்குத்தான் விசில். ஆனா இடிக்கப் போன ஒவ்வொரு தரமும் அவன் விட்டுட்டுப் போன இடம் ஒரு வாசல் மாதிரித் திறந்து கிடந்தது.

இன்னும் கன பேருக்கு டிஃபென்சிவ் டிஃபென்ஸ்மன் (கோல் அடிக்கிறதை விடக் காக்கிறதே வேலையான ஆள்) எண்டா இந்த இருபத்திரண்டாம் நம்பர்தான். அந்தக் காலம் 2005இலயே போட்டுது. முதலாளிமார் ஒரு சீசனையே நிப்பாட்டின அந்த லொக்கவுட்டுக்குப் பிறகு என்எச்எல்லில, எண்டா வட அமெரிக்காவின்ர பெரிய ஹொக்கி லீக்கில, பிடிச்சு இழுக்கிறது, ஸ்ரிக்கால கொழுவுறது எல்லாத்துக்கும் கண்டிப்பா பெனால்டி குடுக்கத் தொடங்கினவை, தன்ர பக்கத்தில இருந்து பக்கைக் கண்ணாடிக்கு மேலால வெளியில அடிச்சாலும் ரெண்டு நிமிசம் பெனால்டிப் பெட்டிக்குள்ள இருக்கவேணும். அதோட, உடம்பை மட்டும் நம்பி நிண்டவன் முடிஞ்சான். இப்ப காலும் கண்ணும்தான் டிஃபென்ஸ்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆள் கரோலினா ரீமின்ர ஜேக்கப் ஸ்லேவின். ரீமுகள் புதுப் பெடியளை ரவுண்ட் ரவுண்டா முறைவைச்சு எடுக்கிறதுதான் ட்ராஃப்ட், 2012 ட்ராஃப்டில முதல் பத்துப் பேரில எட்டுப் பேர் டிஃபென்ஸ்காரர், பத்தில எட்டு! அப்பிடி டிஃபென்ஸுக்கு அடிபட்ட வருசத்திலயே ஸ்லேவின் நாலாவது ரவுண்டில 120ஆவதாத்தான் போனவர். அண்டைக்கு நாலாவதாப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட் என்எச்எல்லில ஐம்பது மட்ச் கூட விளையாடேல்ல. 2020-21 சீசனில ஸ்லேவின் 52 மட்ச், ஒவ்வொரு நாளும் எதிர்ப்பக்கத்தின்ர ஆகத் திறமான ஆக்களுக்கு எதிரா, முழுச் சீசனுக்கும் ஒரே ஒரு பெனால்டி, அதுவும் இந்தக் கண்ணாடிக்கு மேலால பக் போன கேஸ்தான். நல்ல ஒழுங்கா விளையாடுறவருக்குக் குடுக்கிற லேடி பிங் கோப்பை அந்த வருசம் அவருக்கு. சரியான இடத்தில நிக்கிறவனுக்குப் பிடிச்சு இழுக்கவேண்டிய தேவையே வராது, அவ்வளவுதான் விசயம். ஆனா பதினேழு வயசில ஒருத்தன்ர ஸ்கவுட் பேப்பரில இதை எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுவியள்?

கிறிஸ் டானெவ்வின்ர கதை இன்னும் மோசம், எங்கட ரொறொன்ரோ ஈஸ்ட் யோர்க் பெடியன், அவரும் டிஃபென்ஸ்தான். ட்ராஃப்டில ஒருத்தரும் எடுக்கேல்ல. ஏரிக்கு அங்கால, அமெரிக்காவில, ரொச்செஸ்டரில கல்லூரிக்குப் போய் ஒரே ஒரு சீசன் விளையாட, 2010இல வன்கூவர் ரீம் கூப்பிட்டுது, அடுத்த வருசம் என்எச்எல் கோப்பையான ஸ்ரான்லி கப் ஃபைனலில நிண்டவர். 2024இல ரொறொன்ரோ ரீம் லீஃப்ஸ் ஆறு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. இஞ்ச, எங்கட வாசலிலயே வளந்த பிள்ளையை எத்தினை பேர் பாத்தும் பாக்காமல் போயிருப்பினம்.

அவையைச் சொல்லி என்ன, நான் என்ன செய்தனான்? என்ர மகனும் டிஃபென்ஸ்தான். ஒவ்வொரு மட்சும் முடிஞ்சு கார் கதவைச் சாத்த முதல் நான் கேக்கிற கேள்வி, "கோல் அடிச்சனியோ?" இல்லையப்பா. "அசிஸ்டாவது?" இல்லை. பிறகு வீடு மட்டும் ரேடியோதான். பதினாலு வயசில இனி எனக்கு வேண்டாம் எண்டான், படிப்பு எண்டு நாங்களும் சந்தோசப்பட்டம். அவன் எத்தினை தரம் தோளுக்கு மேலால திரும்பிப் பாத்தான் எண்டு எனக்குத் தெரியாது.

சரி, ஆறாம் நம்பருக்கு வருவம். மட்ச் முடிஞ்சு கார் பார்க்கில நிண்டு ரெண்டு பேரும் நல்லாக் கொளுவினம். மனுசன் சொல்லுறார், ஜூனியர் ட்ராஃப்டில இவனை ரெண்டாவது ரவுண்டுக்கு எண்டு எழுதப் போறாராம். எனக்கு அது கொஞ்சம் ஓவர். காப்பான், கண் நல்லது, ஒத்துக்கொள்ளுறன். ஆனா பக்கை வாங்கின பிறகு? மூண்டாவது பீரியடில நாலு தரம் நடுவில ஆள் சும்மா நிக்க, இவன் சுவரால அடிச்சு வெளியில தள்ளிப்போட்டு பெஞ்சுக்கு ஓடீட்டான். ஆபத்தில்லாத விளையாட்டுத்தான், ஆனா பக் திரும்ப எதிரியிட்டத்தானே போகுது, பிறகு இவனே திரும்பவும் காக்கவேணும். பதினைஞ்சு வயசில பயத்தால அப்பிடி அடிக்கிறானோ, கோச் அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கிறானோ எண்டு ஒரு மட்சில பிடிபடாது. மனுசன் கோச் தான் காரணம் எண்டு பந்தயம் கட்டுறார். வாற சனிக்கிழமை பக்கத்து மார்க்கம் நகரத்தில மட்ச், திரும்பவும் விடிய ஏழரைக்கு. இந்த முறை நான் எண்ணப்போறது அந்த முதல் பாஸை மட்டும்தான், கொப்பி வாங்கியாச்சு.