பிளாட்டினம் 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல

“1900க்கு முன் பிளாட்டினத்தில் நகையே கிடையாது, வெள்ளைத் தங்கத்துக்கு மாற்றாகத்தான் அது வந்தது” என்று சிலர் சொல்வது தவறு. வரிசையே தலைகீழ்.

இன்றைய ஈக்வடார், கொலம்பியா கடற்கரையில் வாழ்ந்த லா டோலிட்டா பொற்கொல்லர்கள், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிளாட்டினத்தில் அணிகலன் செய்தார்கள். பிளாட்டினம் 1768 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அவர்களின் ஊதுகுழல் நெருப்பு அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே பிளாட்டினக் குருணையோடு தங்கத்தூளைக் கலந்து சுட்டார்கள். 1064 டிகிரியில் உருகும் தங்கம் குருணைகளைப் பிணைக்கும். பிறகு தட்டுவது, மறுபடி சுடுவது, மறுபடி தட்டுவது. எவ்வளவு அபாரமான உத்தி!

1786இல் பாரிஸில் ஜானெட்டி என்ற பொற்கொல்லர் பிளாட்டினச் சர்க்கரைக் கிண்ணமே செய்தார். ஆர்சனிக் சேர்த்து உருகுநிலையைக் குறைத்து, பின் சூடாக்கி அதை வெளியேற்றும் முறை அது. புகை நஞ்சு, ஆர்சனிக் மிச்சமிருந்தால் உலோகம் நொறுங்கும்.

1900 வாக்கில் நடந்தது பரவல் மட்டுமே. ஆக்சிஜன் கலந்த சுடர் பட்டறைக்கு வந்தது. வெள்ளியைப் போலக் கறுக்காத, மெல்லிய கொக்கியிலும் வைரத்தை இறுகப் பிடிக்கும் உலோகம் கிடைத்தது. நிக்கல் அல்லது பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கம் அதற்குப் பிறகு பிளாட்டினத்துக்கு மாற்றாகப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பிளாட்டினத்தை நகைக்குப் பயன்படுத்தத் தடை விதித்ததும் அதற்குக் கைகொடுத்தது.