மைல்ஸ் டிக்கெட்டும் அந்தத் தொண்ணூறாயிரமும்

நேற்று முழுக்க ஒரு தம்பி போட்ட ஸ்கிரீன்ஷாட்தான் சுற்றிக்கொண்டிருந்தது, பார்த்திருப்பீர்கள். சென்னை–லண்டன் போக வர, நடுவில் ஒரு ஊரில் மாறிப் போகிற எகானமி டிக்கெட், அம்மா அப்பா இரண்டு பேருக்கு. மைல்ஸ் (காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கிற ஏர்லைன் பாயின்ட்) எல்லாம் கழித்த பிறகும் ‘டாக்ஸஸ் அண்ட் ஃபீஸ்’ என்று தொண்ணூறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை. தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவு வரி எந்த அரசாங்கம் போடுது?"

நியாயமான கேள்வி. கீழே வந்த பதில்கள்தான் வயிற்றெரிச்சல். "ஓசி டிக்கெட்டுக்கு வரி கட்டவும் வலிக்குதோ?", "ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு மனு போடுங்க சார்." அதற்கு ஐந்நூறு சிரிப்பு ரியாக்‌ஷன். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர் பட்டியலிலும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

முதலில் ஒன்று. அது முழுக்க வரி இல்லை. அந்தத் தொகையில் பெரும்பகுதி எந்த அரசாங்கத்துக்கும் போவதில்லை, எந்த விமான நிலையத்துக்கும் போவதில்லை. விமான நிறுவனத்தின் சொந்தக் கல்லாவுக்குத்தான் போகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். பணம் கட்டும் பக்கத்தில் ‘டாக்ஸஸ், ஃபீஸ் அண்ட் கேரியர் சார்ஜஸ்’ என்ற இடத்தை அழுத்தினால் உடைத்துக் காட்டும். ஏற்கெனவே எடுத்த டிக்கெட் என்றால் இ-டிக்கெட் ரசீதில் ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். ‘ஐஎன்’ என்றால் நம் விமான நிலையத்தின் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். ‘பி2’ பாதுகாப்புக் கட்டணம். 2021 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆளுக்கு 12 டாலர். ‘கே3’ நம் ஜிஎஸ்டி. ‘ஜிபி’ பிரிட்டிஷ் அரசின் ஏர் பாசெஞ்சர் டூட்டி. ‘யூபி’ அங்குள்ள விமான நிலையத்தின் பயணிகள் கட்டணம். இவையெல்லாம் நிஜம். மைல்ஸில் போனாலும் காசில் போனாலும் கட்டித்தான் ஆகவேண்டும், யாரும் தப்ப முடியாது.

அடுத்து ‘ஒய்க்யூ’, ‘ஒய்ஆர்’ என்று இரண்டு இருக்கும். பெரும்பாலும் பட்டியலிலேயே பெரிய எண் அதுதான். அதன் பெயர் கேரியர் இம்போஸ்டு சர்சார்ஜ். முன்பு ‘ஃப்யூவல் சர்சார்ஜ்’, அதாவது எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம், என்று சொல்லி வாங்கியதுதான். ஏர்லைன் தானே நிர்ணயித்து, தானே வசூலித்து, தானே வைத்துக்கொள்ளும் பணம். தம்பி போட்ட ஸ்கிரீன்ஷாட்டிலும் பாதிக்கு மேல் இதுதான். எந்த ஏர்லைன் என்று நான் சொல்லப்போவதில்லை, ஒன்று மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

கூத்து என்னவென்றால், இந்தியாவில் தொடங்கும் டிக்கெட்டில் அந்தச் சர்சார்ஜின் மேலேயும் ஜிஎஸ்டி விழும். அடிப்படைக் கட்டணம் சைபர், ஆனால் ஏர்லைன் தனக்கென்று போட்டுக்கொண்ட தொகைக்கு நீங்கள் அரசுக்கு வரி கட்டுகிறீர்கள். எகானமி என்றால் 5 சதவீதம். எகானமிக்கு மேலே போனால் 2025 செப்டம்பரிலிருந்து 18.

"எண்ணெய் விலை ஏறுது சார், அவன் என்ன பண்ணுவான்?" என்று வரப்போகிறவர்களுக்கு: ஏறும்போது போட்டார்கள், சரி. 2004-ல் ஆரம்பித்து 2008-ல் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை போனபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே வந்ததே, அப்போது எத்தனை டிக்கெட்டில் இந்தச் சர்சார்ஜ் மொத்தமாகக் காணாமல் போயிற்று? எரிபொருள் என்ன, எதிர்பாராத செலவா? பைலட் சம்பளம் மாதிரி, டயர் மாதிரி, அது இல்லாமல் விமானம் கிளம்பாது. கல்யாண மண்டபம் இலவசம் என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டர் டீசலுக்கு ஒரு லட்சம் வாங்கி, அதையும் ரசீதில் ‘அரசு வரி முதலியன’ என்ற தலைப்பில் எழுதினால் விட்டுவிடுவீர்களா? அங்கே சண்டைக்குப் போவீர்கள். இங்கே சிரிப்பு ரியாக்‌ஷன்.

இதில் பழைய கதை ஒன்றும் உண்டு. 2004 முதல் 2006 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் நீண்டதூர டிக்கெட்டில் இந்த எரிபொருள் சர்சார்ஜ் எவ்வளவு என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. 5 பவுண்டில் இருந்தது 60 பவுண்டுக்குப் போனது. வர்ஜின் முதலில் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டதால் அபராதத்திலிருந்து தப்பித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007-ல் பிரிட்டனில் 121.5 மில்லியன் பவுண்டு (பிறகு குறைந்து 58.5 ஆனது), அமெரிக்காவில் 300 மில்லியன் டாலர் அபராதம். 2012-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, உண்மையான எரிபொருள் செலவைக் காட்டாத தொகைக்கு ‘ஃப்யூவல் சர்சார்ஜ்’ என்று பெயர் வைக்காதே என்று சொல்லிவிட்டது. என்ன ஆனது? தொகை குறையவில்லை, பெயர்ப்பலகை மாறியது. அதே 2012-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைல்ஸ் உறுப்பினர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள்: மைல்ஸ் கொடுத்து எடுக்கும் எங்கள் பரிசு டிக்கெட்டில் வாங்கும் சர்சார்ஜுக்கும் எண்ணெய் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று. 2018-ல் சமரசம், ரொக்கமாகவோ அவியோஸாகவோ (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைல்ஸின் பெயர்) வாங்கிக்கொள்ளலாம் என்று முடிந்தது.

எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஜப்பானில் ஜேஏஎல், ஏஎன்ஏ என்ற இரண்டு ஏர்லைன்களும் அட்டவணையே வெளியிடுகின்றன. சிங்கப்பூர் சந்தையில் விமான எரிபொருளான கெரசினின் சராசரி விலை இவ்வளவு இருந்தால் சர்சார்ஜ் இவ்வளவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். பிடிக்கிறதோ இல்லையோ, கணக்கு கண்முன்னே இருக்கிறது. நம் ஊரில் இண்டிகோகூட 2023 அக்டோபரில் தூரத்துக்கேற்ப 300 முதல் 1000 ரூபாய் என்று எரிபொருள் கட்டணம் போட்டு, விமான எரிபொருள் விலை குறைந்ததும் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டது. ஏறினால் போடு, இறங்கினால் எடு. அவ்வளவுதான் கேட்கிறோம்.

அடுத்து, "சர்சார்ஜை எடுத்தா மைல்ஸை ஏத்திடுவான்" என்பவர்கள். ஆமாம், ஏற்றுவான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் அதைத்தான் செய்தது. தன் சொந்த விமானங்களின் பரிசு டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜை எடுத்தது. கையோடு ஆன்லைனில் கொடுத்துவந்த 15 சதவீதத் தள்ளுபடியையும் எடுத்து, பல ஊர்களுக்கு மைல்ஸையும் ஏற்றியது. அன்றைக்கு எல்லாரும் திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விலை இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான், எடுப்பதும் விடுவதும் நம் இஷ்டம். மைல்ஸ் குறைவு என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய்க் கடைசிப் பக்கத்தில் தொண்ணூறாயிரம் என்று நீட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது ‘ஓசி’க்கு வருகிறேன். மைல்ஸ் வானத்திலிருந்து விழவில்லை. உங்கள் கார்டு பாயின்ட் மைலாக மாறும்போது வங்கி ஏர்லைனுக்குக் காசு கொடுக்கிறது. வங்கிக்கு அந்தக் காசு நீங்கள் கட்டும் ஆண்டுச் சந்தாவிலிருந்தும், கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனிலிருந்தும் வருகிறது. ஏர்லைனுக்கு இது எவ்வளவு பெரிய தொழில் தெரியுமா? 2020-ல் விமானங்கள் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது அமெரிக்க ஏர்லைனான யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடகு வைத்து 6.8 பில்லியன் டாலர் திரட்டியது. இன்னொரு அமெரிக்க ஏர்லைனான டெல்டா தன் ஸ்கைமைல்ஸை வைத்து 9 பில்லியன். ஓசியை அடகு வைத்து எவன் கடன் கொடுப்பான்? முன்பணம் வாங்கிவிட்ட சீட்டு அது. அதற்கு மேல்தான் சர்சார்ஜ்.

"கண்டிஷன்ஸ் படிச்சிருக்கணும்." படித்தேன், படித்திருக்கிறேன். நீங்கள் படித்தீர்களா? நகர்வோம்.

இனி உருப்படியான விஷயம். அதே விமானம், அதே சீட், எந்தத் திட்டத்தின் மைல்ஸில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தத் தொகை மாறும். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் லுஃப்தான்சா விமானத்தை அவர்களுடைய மைல்ஸ் திட்டமான மைல்ஸ் அண்ட் மோரில் எடுத்தால் சர்சார்ஜ் சேரும். அதையே யுனைடெட் மைலேஜ்பிளஸிலோ, ஏர் கனடாவின் ஏரோபிளானிலோ எடுத்தால் சேராது. ஏரோபிளான் 2020 நவம்பரில் சர்சார்ஜைக் கைவிட்டது. கூட்டாளி ஏர்லைன் டிக்கெட்டுக்கு 39 கனடிய டாலர் புக்கிங் கட்டணம் மட்டும் கேட்கும். மைல்ஸ் கொஞ்சம் கூடப் போகலாம், சீட் கிடைப்பதும் கஷ்டம். ஆனாலும் இரண்டு பேர் டிக்கெட்டில் மிச்சமாகும் காசு சின்னதில்லை.

எடுக்கும் முன்பே பார்க்க வேண்டுமானால் கூகுளின் ஐடிஏ மேட்ரிக்ஸ் என்ற விமானக் கட்டணத் தேடல் தளத்தில் அதே விமானத்தைக் காசு டிக்கெட்டாகத் தேடுங்கள். கடைசியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் தொகை பிரித்துக் காட்டும். சர்சார்ஜ் வசூலிக்கும் திட்டமாக இருந்தால் அந்த ஒய்க்யூ, ஒய்ஆர் தொகைதான் பெரும்பாலும் மைல்ஸ் டிக்கெட்டிலும் வரும். இதைப் பார்த்த பிறகுதான் வங்கிப் பாயின்டை மைலாக மாற்ற வேண்டும். முதலில் மாற்றிவிட்டு அப்புறம் தேடுவதுதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், ஏனென்றால் போன பாயின்ட் திரும்பாது. மைல்ஸ் இல்லாமல் கடைசிப் பக்கம் வரை போக விடாத திட்டம் என்றால் கால் சென்டரில் தேதியையும் விமான எண்ணையும் சொல்லி ‘டாக்ஸஸ் அண்ட் ஃபீஸ்’ தொகையை மட்டும் கேளுங்கள், சொல்வார்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். காசு டிக்கெட் 52,000, மைல்ஸ் டிக்கெட் 40,000 மைல் கூட 21,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 31,000. ஒரு மைலுக்கு 77 பைசா. காசு டிக்கெட்டில் போயிருந்தால் புதிதாக மைல் வேறு சேர்ந்திருக்கும், அதையும் கழியுங்கள். அந்த 21,000-ஐ பவுண்டிலோ யூரோவிலோ வெட்டினால் பல இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு நாணயத்துக்கென்று 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கடைசியில் அறுபது எழுபது பைசாவுக்கு வந்து நிற்கும். சில நேரம் ஆஃபரில் வரும் காசு டிக்கெட்டே லாபம்.

பிரிட்டிஷ் டூட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜ வரி, அதில் ஏர்லைனைத் திட்டிப் பயனில்லை. பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது மட்டும்தான் அது. இந்தியா தூரத்துக்கு 2025 ஏப்ரல் விகிதப்படி எகானமியில் 90 பவுண்டு, பிசினஸில் 216 என்று இருந்தது. போகும்போது கிடையாது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எகானமியில் கிடையாது. வேறு நாட்டில் கிளம்பி ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் லண்டனில் மாறிப் போனாலும் கிடையாது. அயர்லாந்து 2014-லேயே இப்படிப்பட்ட வரியை எடுத்துவிட்டதால் டப்ளினிலிருந்து கிளம்புகிறவர்கள் உண்டு. விசாவை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் வசதியானவன் அழுகை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் உண்மையிலேயே சுட்டது. யார் வசதியானவன்? மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாவா? மூன்று வருஷம் மளிகையும் பெட்ரோலும் கரண்ட் பில்லும் ஒரே கார்டில் போட்டு, பாயின்ட் சேர்த்து, "அம்மாவுக்கு டிக்கெட் ஃப்ரீ" என்று வீட்டில் சொல்லிவிட்ட பையனா? இருக்கிறவன் காசைக் கொடுத்துப் போய்விடுகிறான் ஐயா. பாயின்டை எண்ணிக்கொண்டிருப்பவன் இல்லாதவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. அவனைத்தான் கடைசிப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு, சீட் இரண்டே பாக்கி என்று சிவப்பில் மின்னும்போது, அவன் குறியீடா பார்ப்பான்? ‘டாக்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, கட்டித்தானே ஆகணும் என்று ஓடிபி அடித்துவிடுவான்.

இதில் ரீல்ஸ் ஆட்கள் வேறு. "பிசினஸ் கிளாஸில் ஐரோப்பா, ஜீரோ ரூபாய்!" சாம்பெயின் கிளாஸ், காலை நீட்டிப் படுத்த வீடியோ, கீழே கார்டு அப்ளை செய்ய லிங்க். அந்த லிங்கில் அவருக்குக் கமிஷன், அதைச் சொல்லமாட்டார். கட்டிய சர்சார்ஜையும் சொல்லமாட்டார். ஒரு தடவை மரியாதையாகத்தான் கேட்டேன்: "சார், வரி எவ்வளவு ஆச்சு?" "ஹேட்டர்ஸ் வில் ஹேட்" என்று பதில் போட்டுவிட்டு பிளாக் செய்துவிட்டார். நான் ஹேட்டர். நல்லது.

கடைசியாக ஒன்று, இது உங்கள் பாக்கெட்டுக்கு. நம் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் 2016 ஆகஸ்ட் விதிப்படி, இந்திய ஏர்லைன் டிக்கெட்டை ரத்து செய்தாலும், போகாமலே விட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பயணிக்குத் திரும்பி வரவேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பாத புரமோஷன் டிக்கெட்டாக இருந்தாலும் இதுதான். அதே விதி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்கிறது. கவனியுங்கள், டிஜிசிஏவே சர்சார்ஜை வரியோடு சேர்க்காமல் ஏர்லைன் பணத்தோடுதான் சேர்த்திருக்கிறது. எனவே இந்திய ஏர்லைனின் மைல்ஸ் டிக்கெட் ரத்தானால் ‘ரிடெம்ப்ஷன் டிக்கெட், நான்-ரீஃபண்டபிள்’ என்று சொல்லிப் போனை வைத்தால் விடாதீர்கள். இ-டிக்கெட்டிலிருந்து ஐஎன், பி2 தொகைகளைத் தனித்தனியாக எழுதி மெயில் போடுங்கள். பதில் வரவில்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் அதே மெயிலை இணைத்துப் புகார் கொடுங்கள்.