கூரைகளை எண்ணினோம், ஆட்களை எண்ணினோமா?

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. பகல் 11.56க்கு நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் குலுங்கியது. அடுத்த சில நாட்களில் நானும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடத்தில், உட்கார்ந்துவிட்டேன். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற நேபாள வரைபட அமைப்பின் இளைஞர்கள் களத்தில் நிற்க, பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பாதைகளையும் வீடுகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்தது சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவு. கூரையின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கிளிக், கோட்டை மூடினால் ஒரு வீடு. தகரக் கூரை வெயிலில் வெள்ளையாகப் பளபளக்கும், மூலை பிடிபடாது. படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஒரு வீடு தனியாக நின்றது. அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையைத் தேடியே அரைமணி நேரம் போனது. உள்ளே யார் இருப்பார்கள் என்ற கேள்வி அப்போது எனக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 19 லட்சம் நேபாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். இந்தியா, வளைகுடா, மலேசியா என்று போனவர்களில் பெரும்பாலோர் இளவயது ஆண்கள். மலை ஊர்களில் மிஞ்சியது பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள். வீடுகளோ கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. இறந்த ஏறக்குறைய 9,000 பேரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மொத்த இறப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிந்துபால்சோக்கில் மட்டும்.

சரி, பிழைத்தவர்கள்? வீடு கட்ட அரசு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது. முதலில் 50,000, அஸ்திவாரத்தைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அடுத்தது. இந்த உதவியைப் பெற நிலப் பத்திரம் வேண்டியிருந்தது. தலைமுறையாகக் குடியிருந்தும் பத்திரம் இல்லாத குடும்பங்கள் ஆரம்பத்திலேயே பின்தங்கின. பத்திரம் இருந்தும் கல் சுமக்க ஆளில்லாத மூதாட்டிக்கு முதல் தவணையைத் தாண்டுவதே மலை. சேத வரைபடத்தில் இவர்கள் எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் அதே சிவப்புப் புள்ளிதான்.

அப்புறம்தான் 70 வயது கடந்தவர்கள், 65 கடந்த தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பெற்றோரற்ற சிறுவர்கள் என்று ஒரு பிரிவு வகுத்து, கூடுதலாக 50,000 ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் இவர்கள் யாரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு முளைத்தவர்கள் இல்லையே! 64 வயதில் தனியாக இருப்பவள் என்ன செய்வாள்?

பேரிடர் வந்தால் யார் எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்று காட்டும் சமூகப் பாதிப்பு வரைபடம் என்ற பெயரில் மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசுவதை நான் ஏற்கவில்லை. சராசரி எடுத்தால் கடைவீதியோரத்து மாடி வீடும் மேல்மேட்டு ஒற்றை வீடும் ஒரே நிறமாகிவிடும். வார்டு அளவில் வேண்டும், நிலநடுக்கத்துக்கு முன்பே வேண்டும். வீட்டு விவரம் வார்டைத் தாண்டி வெளியே போகவும் கூடாது. தனியாக இருக்கும் பெண்ணின் வீடு எதுவென்று ஊருக்கெல்லாம் காட்டும் வரைபடம் அவளுக்கே ஆபத்து.

இதற்குப் புதிதாகப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. நேபாளத்தில் 50,000 பேர் அளவுக்குப் பெண் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையான பெரியவர், யாருடைய கணவர் கத்தாரில் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நாங்கள் வரைந்த கூரைகளை அச்செடுத்து, ஒரு பென்சிலோடு அவர்கள் கையில் கொடுங்கள்.