118-க்கு முன்னால் 595

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். சேவல் கூவுகிறதோ இல்லையோ, காலை ஐந்து மணிக்கு அவர் கடையைத் திறந்துவிடுவார். சூரியன் உதிக்கும் படம் ஒன்று, ரோஜாப்பூ ஒன்று, அதற்குக் கீழே "உங்களுக்குத் தெரியுமா?" நல்ல மனுஷன். நான் அவருடைய தீவிர வாசகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அனுப்புவதைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

போன வாரம் வந்தது இது. வேதாகமத்தின் மிகச் சிறிய அதிகாரம் சங்கீதம் 117, மிகப் பெரியது 119. நடுவில் நிற்கும் 118-தான் வேதாகமத்தின் மையம். அதற்கு முன்னால் 594 அதிகாரம், பின்னால் 594 அதிகாரம், கூட்டினால் 1188. ஆகவே மைய வசனம் சங்கீதம் 118:8! ஐந்து நிமிஷத்தில் பதினோரு கைகூப்பு, ஏழு ஆமென்.

கணக்கு என்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. வேதாகமத்தின் முதல் பக்கத்து அட்டவணையைத் திறந்துவைத்துக் கூட்ட ஆரம்பித்தேன். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, லேவியராகமம் 27, எண்ணாகமம் 36, உபாகமம் 34. மோசேயின் ஐந்து புத்தகத்துக்கே 187. அப்படியே பென்சிலால் இறங்கி யோபு முடிய வந்தால் 478. அதோடு சங்கீதத்தின் முதல் 117-ஐச் சேர்த்தால் 595. அதாவது 118-க்கு முன்னால் 594 இல்லை, 595. பின்னால் 593. மொத்தம் 1189 அதிகாரம். நட்ட நடுவில் நிற்பது அந்தக் குட்டி 117-தான், இரண்டே வசனம் உள்ள சங்கீதம். "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள்" என்று தொடங்கும். மையத்தில் இருக்க அதற்கு என்ன குறைச்சல்? பாவம், அதன் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வசனக் கணக்கும் அப்படித்தான். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் 31,102 வசனம். இரட்டைப்படை. இரட்டைப்படையில் நடு என்று ஒன்று ஏது? நடுவில் இரண்டு நிற்கும்: சங்கீதம் 103-இன் முதல் இரண்டு வசனங்கள். இரண்டுமே "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்றுதான் தொடங்குகின்றன. நிஜக் கணக்கு, ஃபார்வர்டைவிட அழகாக இருக்கிறது பாருங்கள்.

அதைவிட வேடிக்கை, இந்த அதிகார எண்ணையும் வசன எண்ணையும் தாவீதும் போடவில்லை, பவுலும் போடவில்லை. இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் லாங்டன் என்பவர் செய்தது. பின்னால் கான்டர்பரி பேராயர் ஆனவர். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போன குதிரைப் பயணத்தின்போது அப்பா அதைச் செய்தார் என்று அவர் மகனே எழுதிவைத்திருக்கிறார். வாக்கியத்தின் பாதியில் வசனம் முறிந்து கிடந்தால், அங்கே குதிரை குலுங்கியிருக்கும் என்று படித்தவர்கள் கேலி செய்வார்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் இரகசியக் குறிப்பு தேடுகிறோம். 73 புத்தகம் உள்ள கத்தோலிக்க வேதாகமத்தைத் திறந்தால் மையம் வேறெங்கோ ஓடிவிடும், அது தனிக் கதை.

இன்னொன்று வருஷா வருஷம் திரும்பி வரும். நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஒரு நாள் குறைந்ததாம், யோசுவா சூரியனை நிறுத்திய நாள்தான் அதுவாம். நாசா தொடங்கியது 1958-இல். ஆனால் இந்தக் "காணாமற்போன நாள்" கணக்கை டாட்டன் என்ற அமெரிக்கர் 1890-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். கதை பழையது, கம்ப்யூட்டர் மட்டும் பிறகு ஒட்டவைத்தது. யோசுவாவின் புத்தகத்தை நம்ப எனக்கு நாசாவின் சீல் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1631-இல் லண்டனில் அச்சான ஒரு பதிப்பே சாட்சி. பத்துக் கட்டளையில் ஏழாவதில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல், "நாட்", விடுபட்டுப்போனது. விளைவு: "விபசாரம் செய்வாயாக." அரசர் காதுக்குப் போய், அச்சிட்ட ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூக்காஸுக்கும் 300 பவுண்டு அபராதம். தமிழில் அச்சுக்கோப்பவர் எவ்வளவு தூங்கி வழிந்தாலும் இந்த விபத்து சுலபத்தில் நடக்காது. "செய்யாதிருப்பாயாக" என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே பிணைந்து கிடக்கிறது, கழன்று விழ தனிச் சொல் இல்லை. (இதற்காகவாவது தாய்மொழிக்கு ஒரு ஸ்தோத்திரம்.)

எனக்குப் புரியாதது இதுதான். காலையில் நாலு பேரைச் சிரிக்க வைக்கப் பொய்க் கணக்கு எதற்கு? புத்தகத்திலேயே சிரிப்பு கொட்டிக் கிடக்கிறதே. நாம் அதைக் கோயில் குரலில் வாசித்து வாசித்து, காது மரத்துப்போய்விட்டது.

அப்போஸ்தலர் 12-ஐ எடுங்கள். பேதுரு சிறையில். காவலுக்கு வகுப்புக்கு நாலு பேராக நாலு வகுப்பு, மொத்தம் பதினாறு சேவகர். இரண்டு சங்கிலி. தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, நகரத்துக்குப் போகிற இரும்புக்கதவு தானாய்த் திறக்கிறது. பேதுரு நேரே மரியாள் வீட்டுக்கு வந்து தட்டுகிறார். உள்ளே எல்லாரும் கூடி அவருடைய விடுதலைக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற பெண் வந்து, குரலைக் கேட்டு, சந்தோஷம் தாங்காமல் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுகிறாள்! "பேதுரு வாசலில் நிற்கிறார்" என்றால், ஜெபித்துக்கொண்டிருந்த விசுவாசிகள் சொல்லும் பதில்: "நீ பிதற்றுகிறாய்." அவள் விடவில்லை. சரி, அவருடைய தூதனாயிருக்கலாம் என்கிறார்கள். வெளியே மனுஷன் தட்டிக்கொண்டே நிற்கிறார். இரும்புக்கதவு தானாகத் திறந்தது, ஜெபக்கூட்டத்தின் கதவு திறக்கவில்லை. லூக்கா இதை எழுதும்போது நிச்சயம் சிரித்திருப்பார்.

ஐத்திகுவை எல்லாருக்கும் தெரியும். பவுலின் பிரசங்கம் நடுராத்திரி தாண்ட, ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த வாலிபன். பிழைத்துக்கொண்டான், நல்ல வேளை. நான் ரசிப்பது அதற்கு அடுத்த வரியை. பவுல் மேலே ஏறி, அப்பம் பிட்டு, மறுபடி விடியும்வரை பேசினார். ஆள் விழுந்தும் பிரசங்கம் நிற்கவில்லை. சாராளையும் மறக்க வேண்டாம். தள்ளாத வயதில் தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுக் கூடாரத்துக்குள் சிரித்துவிட்டு "நான் நகைக்கவில்லை" என்கிறாள், "இல்லை, நீ நகைத்தாய்" என்று கர்த்தரிடமிருந்து பதில் வருகிறது. பிறந்த பிள்ளைக்குப் பேரும் ஈசாக்கு, "நகைப்பான்" என்று அர்த்தம்.

இதையெல்லாம் அண்ணனிடம் பக்குவமாய்ச் சொல்ல நினைத்தேன். மறுநாள் அலாரம் வைத்து எழுந்து, சரியாக ஐந்து மணிக்கு, அவர் கடை திறக்கும் நேரத்திலேயே, 595 கணக்கு முழுவதையும் அட்டவணையின் படத்தோடு குழுவில் போட்டேன். நாற்பது வரி. முடிவில் எல்லாருக்கும் காலை வணக்கமும் ஆசீர்வாதமும்.

ஐந்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அண்ணனிடமிருந்து ஒரே வரி: "தம்பி, நீதிமொழிகள் 27:14."

பாராட்டு வசனம் என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன். "ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்."

அதற்குப் பதினெட்டு கைகூப்பு. இப்போதெல்லாம் நான் ஏழு மணிக்கு முன் குழுப் பக்கம் எட்டிப்பார்ப்பதோடு சரி.